வாளியை மட்டும் கொடுத்து எங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்

மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களின் தலைவர்களாக இருக்கும் ஆட்சியர்களுக்கும், கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தை நடத்தும் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

2017 ஜனவரி 28 அன்று விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ‘டான் காஞ்சிபுரம்’ கப்பலிலிருந்து கனமான எரியெண்ணெய் கடலில் கொட்டியது. பெரிய பாதிப்பு ஏதும் இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அதற்குள் எர்ணாவூர்க் கரையின் கருங்கற்களுக்கு இடையே கறுப்புக் கசடு திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிட்டது. உறிஞ்சு லாரிகள் வந்தன. கசடு அத்தனை கெட்டியாக இருந்ததால் குழாய்கள் அடைத்துக்கொண்டன. கடைசியில் மனிதர்கள்தான் இறங்கினார்கள். மீனவர்கள், கடலோரக் காவல் படையினர், துப்புரவுத் தொழிலாளர்கள், அவர்களோடு நூற்றுக்கணக்கான மாணவர்கள். கை மாற்றிக் கை மாற்றி வாளிகளில் கடலை வழித்தெடுத்தார்கள்.

அந்தப் படங்களை நாடு முழுவதும் பார்த்தது, பாராட்டியது. அந்தப் பிள்ளைகளை நானும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் படங்களில் பலருடைய கைகளில் உறை இல்லை. சிலர் துணிக் கையுறை போட்டிருந்தார்கள். எண்ணெயில் நனைந்த துணி நஞ்சைத் தோலோடு ஒட்டவைத்து வைத்திருக்குமே தவிரத் தடுக்காது. காலில் ரப்பர் செருப்பு. முகத்தில் கைக்குட்டை. கனமான எரியெண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் இருக்கின்றன. அதன் ஆவி தலைவலியையும் குமட்டலையும் மூச்சுத் திணறலையும் தரும். வேதியியல் படிக்கும் மாணவனுக்கு இது பாடத்தில் வருகிறது. அவனைக் கரைக்கு அழைத்தவர்கள் யாரும் அதை அவனுக்கு நினைவூட்டவில்லை.

ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் பெருமழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் அடித்து வரப்பட்டு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குள் புகுந்தது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் கறுத்தது. படகுகளும் வலைகளும் அலையாத்திச் செடிகளும் கூழைக்கடாக்களும் எண்ணெயில் தோய்ந்தன. அப்போதும் முதல் நாட்களில் எண்ணெயை அள்ளியவை மீனவர் கைகளிலிருந்த குவளைகளும் வாளிகளும்தான். ஏழு ஆண்டு இடைவெளியில் கரையில் மாறாமல் இருந்தது அந்த வாளி ஒன்றுதான்.

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவன் நான், கல்லூரி ஆசிரியன், சில காலம் உங்களைப் போலத் திட்ட அலுவலராகவும் இருந்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன். எங்கள் மாணவர்களின் நல்ல மனத்தைப் பேரிடர் வரும் நாளில் மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அந்த மனத்துக்குத் தேவையான பயிற்சியையும் பாதுகாப்பையும் பொறுப்பையும் மற்ற நாட்களில் தர மறந்துவிடுகிறோம். இந்த மடலின் குறை இதுதான், கோரிக்கையும் இதுதான்.

1969 செப்டம்பர் 24 அன்று, காந்தியடிகளின் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. படிப்பு மனிதர்களிடமிருந்து பிரிந்துவிடக் கூடாது என்பது அதன் அடிப்படை எண்ணம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்று அதற்கு ஓர் ஒழுங்கும் வகுத்தார்கள். 240 மணி நேரம் குறைவான நேரம் அல்ல. ஒரு மாணவிக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கலாம். வெள்ளத்தில் கயிறு கட்டி ஆளை இழுக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஓர் ஏரியின் வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் போடக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் அந்த மணி நேரங்களில் எத்தனை, விழா மேடைக்கு நாற்காலி போடுவதிலும், பேரணியில் பதாகை பிடிப்பதிலும், சிறப்பு விருந்தினர் வரும்வரை வெயிலில் வரிசையில் நிற்பதிலும் கரைகின்றன? திட்ட அலுவலர்களே, உங்கள் பதிவேடுகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். இதற்கு நீங்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குப் பாடவேளை குறைவதில்லை. நிதி நேரத்துக்கு வருவதில்லை. மேலிடத்திலிருந்து நேற்று வந்த சுற்றறிக்கைக்கு இன்று மாலை புகைப்படத்துடன் அறிக்கை கேட்கிறார்கள். அந்த நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனாலும் அதன் விலையைக் கொடுப்பது பதினெட்டு வயதுப் பிள்ளை.

வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது, அரசு வாகனங்கள் வருவதற்கு முன்பே பல தெருக்களில் மீனவர்களின் படகுகளும் இளைஞர்களும் வந்துவிட்டார்கள். கழிவுநீர் கலந்த இடுப்பளவு நீரில் நாள் முழுவதும் நடந்தார்கள். அந்த நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் சிறு கீறல் இருந்தாலும் போதும், உள்ளே நுழைந்துவிடும். 2018 கேரள வெள்ளத்தின்போது சுகாதாரத் துறை இதைப் பகிரங்கமாக எச்சரித்தது. மீட்புப் பணியில் இருப்பவர்கள் வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்து மாத்திரைகளையும் வழங்கியது. அப்படியும் அங்கே எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. நம் மாவட்டங்களில் மாணவர்களை நிவாரணப் பணிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தில் ஒரு மருத்துவ அலுவலர் ஏறிப் பார்ப்பது கட்டாயமாக இருக்கிறதா? டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறாயா, நீரிழிவோ ஆஸ்துமாவோ இருக்கிறதா, நீந்தத் தெரியுமா என்ற கேள்விகளைக் கேட்க ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் கேட்கிறேன்.

மனிதநேயப் பணியில் இதைவிடக் கடினமான பாடம் ஒன்று இருக்கிறது. பொட்டலத்தை யார் கையில் கொடுப்பது என்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் உதவிகள் வந்து குவிந்தன. உடுத்த முடியாத பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்து ஒதுக்குவதே ஒரு தனி வேலையானது. அதே நாட்களில், கடற்கரைக்குச் சற்றுத் தள்ளியிருந்த தலித் குடியிருப்புகளுக்கும் இருளர் குடும்பங்களுக்கும் உதவி போய்ச் சேரவில்லை. சில முகாம்களில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே மறுத்தார்கள். இவை அப்போதே ஆவணப்படுத்தப்பட்ட உண்மைகள். படகு இழந்தவரின் இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அந்தப் படகை நம்பி மீன் சுமந்தும் கருவாடு விற்றும் பிழைத்தவரின் இழப்பு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மாணவனுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ஊர்த் தலைவர் காட்டிய வரிசைக்குக் கொடுத்துவிட்டு நிறைவோடு வீடு திரும்புவான். வரிசையில் இல்லாதவர்கள் யார், ஏன் இல்லை என்று கேட்க அவனைப் பழக்க வேண்டும். செஞ்சிலுவை இயக்கத்தின் ஏழு கோட்பாடுகளில் ஒன்று பாரபட்சமின்மை: தேவை மட்டுமே அளவுகோல், மிக அவசரத் தேவை உள்ளவருக்கு முதலில். நம் கல்லூரிகளில் இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் இருக்கிறது. இந்தக் கோட்பாடுகளை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். தன் சொந்த ஊரின் காலனித் தெருவை வைத்து இதைப் பேசச் சொல்லுங்கள். அப்போதுதான் அது பயிற்சி ஆகும். சிறப்பு முகாமின் ஏழு நாட்களில் இரண்டு நாட்களை இதற்கே ஒதுக்கலாம்: கிராமத்தின் எல்லா வீடுகளுக்கும் போய், தனியாக வாழும் முதியவர்கள், கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர்கள், தாழ்வான இடத்துக் குடிசைகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு பட்டியல் தயாரிப்பது. புயல் எச்சரிக்கை வரும் இரவில் கிராம நிர்வாக அலுவலருக்கு அந்தப் பட்டியலைவிடப் பயனுள்ள தாள் வேறு இருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தையும் பட்டுக்கோட்டையையும் புரட்டிப்போட்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் எத்தனையோ உட்கிராமங்கள் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அங்கே யார் இருக்கிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் முதல் வண்டி எங்கே போக வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும்.

இனி சுற்றுச்சூழல். இங்கே எனக்கு வருத்தத்தைவிட நம்பிக்கை அதிகம். காரணம், கடலாமை முட்டைகளைக் காக்கச் சென்னைக் கடற்கரையில் இரவில் நடக்கும் ‘ஆமை நடை’.

1988இல் மாணவர்களே கூடித் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றுவரை மாணவர்களாலும் இளைஞர்களாலும் நடக்கிறது. தை பிறந்தால் அவர்களுக்குத் தூக்கம் குறையும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான மணலில் நள்ளிரவில் நடக்கிறார்கள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) கரையேறிய தடத்தைக் கண்டுபிடித்து, அது மூடிவிட்டுப் போன குழியைக் கையால் பதமாகத் தோண்டி, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை எடுத்து, அதே ஆழத்திலும் அதே வடிவத்திலும் பொரிப்பகத்தில் மீண்டும் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். கடற்கரைச் சாலை விளக்குகள் எரிந்தால் குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செத்துப்போகும். அங்கே நடந்த ஒவ்வொரு மாணவருக்கும் இதெல்லாம் கைப்பழக்கமாகத் தெரியும்.

அவர்கள் செய்யும் இன்னொரு பணி அதிகம் பேசப்படுவதில்லை. செத்து ஒதுங்கும் ஆமைகளையும் எண்ணுகிறார்கள். எந்த இடம், என்ன நாள், என்ன அளவு, என்ன காயம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்தது. இழுவை வலையில் சிக்கும் ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது, வலையில் ஆமை தப்பிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்ற விதிகள் காகிதத்தில் இருக்கின்றன. அந்த விதிகள் கடலில் இல்லை என்பதற்குச் சான்று, இரவுகளில் நடந்து இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த குறிப்புகள். ஒரே ஒரு நாள் கடற்கரையில் நெகிழி பொறுக்கும் நிகழ்ச்சியால் இப்படி ஒரு சான்றை உருவாக்க முடியாது.

ஆமை நடை ஏன் இத்தனை ஆண்டுகள் நிலைக்கிறது என்று யோசித்திருக்கிறேன். அங்கே புதிதாக வருபவரை மூத்தவர் ஒருவர் அருகில் வைத்துக்கொண்டு கற்றுத்தருகிறார். அடுத்த ஆண்டு அவரே இன்னொருவருக்குக் கற்றுத்தருகிறார். இடம் ஒன்றே, வேலை ஒன்றே, பருவம் ஒன்றே. மீனவக் குப்பத்தில் அவர்களை எல்லோருக்கும் தெரியும். சான்றிதழுக்காக யாரும் வருவதில்லை. நம் மரக்கன்று நடும் விழாக்களில் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. குழி தோண்டும் ஆள் ஒருவர், நடுபவர் ஒருவர், தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை. சித்திரை வெயிலில் கன்று கருகிய பின் அதே இடத்தில் அடுத்த ஆண்டு விழா. எந்த மரம் எந்த மண்ணுக்கு என்ற கேள்வியைக்கூட நாம் கேட்பதில்லை. ஆமை முட்டையிடும் மணல் திட்டில் சவுக்கு நட்டால் ஆமைக்கு இடம் போய்விடும். புல்வெளியில் மரம் நட்டால் அங்கே வாழும் வெளிமானுக்கும் தரையில் கூடு கட்டும் பறவைக்கும் வீடு போய்விடும். வெட்ட வெளியாகத் தெரியும் இடமெல்லாம் காலி இடம் அல்ல. வனச்சரகரையும் உள்ளூர் மேய்ப்பரையும் கேட்காமல் தயவுசெய்து மண்வெட்டியை மாணவர் கையில் கொடுக்காதீர்கள்.

எண்ணெயில் தோய்ந்த பறவையைக் கண்டதும் கழுவத் தோன்றும். இளம் மனம் அப்படித்தான். ஆனால் குளிரிலும் அச்சத்திலும் இருக்கும் பறவையைப் பிடித்த உடனே கழுவினால் அது செத்துவிடும். முதலில் கதகதப்பு, நீர், ஓய்வு. உடல் தேறிய பிறகுதான் கழுவுதல். இது கால்நடை மருத்துவர் ஒருவர் அரை நாளில் கற்றுத்தரக்கூடியது. எண்ணூர், பழவேற்காடு, தூத்துக்குடி, கடலூர் ஆகிய இடங்களில் எல்லாம் துறைமுகமோ ஆலையோ கழிமுகமோ அருகருகே இருக்கின்றன. அந்தக் கரைகளின் கல்லூரிகளில் இந்தப் பயிற்சி இன்னும் தொடங்கப்படாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

ஆட்சியர்களே, உங்களிடம் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட அளவில் பயிற்சி அளிக்கும் கடமையை உங்கள் ஆணையத்துக்குத் தருகிறது. திட்டமும் இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘ஆப்த மித்ரா’ திட்டம் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சியும் மீட்புக் கருவிப் பையும் காப்பீடும் தந்தது. இப்போது அதையே தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், சாரணர் இயக்கம் ஆகியவற்றின் இளைஞர்களுக்கும் விரித்திருக்கிறார்கள். பாதை போட்டாகிவிட்டது. ஆனால் பயிற்சி முடித்தவரின் பெயர் வட்டாட்சியர் அலுவலகத்தில் இல்லையென்றால், புயல் வரும் இரவில் அவரை யார் அழைப்பார்கள்? பயிற்சி பெற்றவர் வீட்டில் இருக்க, பயிற்சி இல்லாத அடுத்த வகுப்பு மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிவிடுவோம். பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்து, வட்ட அளவில் வைத்து, அந்தந்தக் கல்லூரியின் திட்ட அலுவலரோடு பகிர்ந்துகொள்ளுங்கள்.

கரையைச் சுத்தம் செய்வதில் ஒரு குழப்பமும் நீடிக்கிறது. 1996இல் அறிவிக்கப்பட்ட தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்தின்படி கடலில் பரவும் எண்ணெய்க்குக் கடலோரக் காவல் படை பொறுப்பு. எண்ணெய் கரையைத் தொட்ட கணத்தில் பொறுப்பு மாநில நிர்வாகத்திடமும் துறைமுகத்திடமும் பிரிகிறது. யார் கையுறை வாங்க வேண்டும் என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் பிள்ளைகள் கசடுக்குள் இறங்கிவிடுகிறார்கள். எண்ணெயைக் கையாளும் நிறுவனம்தான் அந்தச் செலவை ஏற்க வேண்டும். நைட்ரைல் கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆவி வடிகட்டும் முகக்கவசம், கண்ணாடி, மேலங்கி ஆகியவற்றை இத்தனை பேருக்கு என்று கணக்கிட்டு, கரையோரக் கிடங்கில் எப்போதும் இருப்பில் வைக்க உத்தரவிடுங்கள். கருவி வந்து சேரும்வரை எந்த மாணவரும் இறங்கக் கூடாது என்றும் எழுத்தில் ஆணையிடுங்கள். மீனவருக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே ஆணை பொருந்த வேண்டும். மாணவர் கையில் உறையும் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் வெறுங்கையுமாக இருப்பதை நான் கேட்கவில்லை.

சேவைக்கு வரும் பிள்ளைகள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலோர் வீட்டில் முதல் பட்டதாரிகள். மாலையில் துணிக்கடையிலோ உணவகத்திலோ வேலை பார்த்துக் கட்டணம் கட்டுபவர்கள். அவர்கள் ஒரு நாள் சேவைக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவையும் மதிய உணவையும் அவர்கள் தலையில் வைப்பது அநீதி. மாணவிகள் நிவாரண முகாமில் வேலை செய்தால் கழிப்பறை எங்கே, இருட்டுவதற்குள் எப்படி வீடு திரும்புவது என்று கிளம்பும் முன்பே பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாததால் பெற்றோர் தடுக்கிறார்கள். தடுத்ததும், ‘பெண் பிள்ளைகள் வருவதில்லை’ என்று நாம் அறிக்கையில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்றையும் விட்டுவிட மனமில்லை. ஆழிப்பேரலை நாட்களில் நாகையில் உடல்களைத் தூக்கியவர்களில் இருபது வயதைத் தொடாதவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் பிறகு யார் பேசினார்கள்? பேரிடர் முகாமிலிருந்து திரும்பும் ஒவ்வொரு குழுவோடும் ஒரு மனநல ஆலோசகர் அமர்ந்து பேசுவதை விதியாக்குங்கள். உறங்க முடியாமல் தவிக்கும் பிள்ளை அதை வலியச் சொல்லாது. நாம்தான் கேட்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயத்தக் கூட்டம் நடத்துகிறீர்கள். எல்லாத் துறை அலுவலர்களும் வருகிறார்கள். இந்த ஆண்டு அந்தக் கூட்டத்துக்குக் கரையோரக் கல்லூரி மாணவர்கள் சிலரையும், மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து சிலரையும், துப்புரவுப் பணியாளர்களின் பிரதிநிதி ஒருவரையும் அழையுங்கள். சென்ற முறை களத்தில் எது கிடைக்கவில்லை, எங்கே போக முடியவில்லை, யாரைக் கேட்டும் பதில் வரவில்லை என்று அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பு அலுவலரின் பெயரையும் முடிக்க வேண்டிய தேதியையும் எழுதி, அந்தக் குறிப்பின் ஒரு படியை ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னையிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்